செயின்ட் கிட்ஸ்காரன் பெண்டாட்டி

ஈஸ்ட் எண்ட், அங்குவிலா
1967 ஜூன் 2

ஆல்ஸ்டன்,

நீ போன பிறகுதான் வீடு வந்து சேர்ந்தேன். ஐலண்ட் ஹார்பரில் ஒரு தலைப்பிரசவம். அந்தப் பெண் இரண்டு நாள் படுத்தி எடுத்துவிட்டாள். கை கழுவிக்கொண்டு தெருவில் நுழையும்போதே டுருசில்லா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறாள்: "இஸ்மே! உன் புருஷனைப் பிளேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்கடி! ஆட்டை ஏத்துற மாதிரி!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஊரே சிரித்துக்கொண்டிருக்கிறது. செயின்ட் கிட்ஸ் போலீஸ் ஒருவன்கூடத் தீவில் இல்லை. விமான ஓடுதளத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டிவிட்டிருக்கிறார்கள், உங்கள் ஆட்கள் திரும்ப இறங்கக் கூடாதென்று. பையன்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து கடலை வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஏன் என்று என்னைக் கேட்காதே. உனக்கும் தெரியும். குழாய்த் தண்ணீர் இல்லை, மின்விளக்கு இல்லை, தொலைபேசி இல்லை. ஒரு படகுத்துறை வேண்டும் என்றால்கூடக் கடல் தாண்டி உங்கள் பாஸ்டேரில் போய்க் கையேந்த வேண்டும். லண்டன்காரன் மூன்று தீவுகளை ஒரே கயிற்றில் கட்டி, கயிற்றை உங்கள் கையில் கொடுத்துவிட்டான். திடலில் கூட்டம் போட்டபோது நானும் கை தட்டினேன். ஒளிக்கவில்லை. "போலீஸ் வெளியேறு" என்று அவர்கள் கத்தும்போது அது போலீஸ். எனக்கு அது நீ என்று கை தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாமே? தபாலும் நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தைத் தம்பி ரூபன் தன் படகில் எதிர்க்கரையில் இருக்கும் மாரிகோவுக்கு எடுத்துப் போகிறான். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் மதாம் ஹோர்டான்ஸ் உனக்கு அனுப்பிவிடுவாள். பதிலையும் அவளுக்கே போடு.

அவன் ரொம்பக் குஷியாக இருக்கிறான். படகுக் கொட்டகையில் எதையோ துடைத்துக்கொண்டே இருக்கிறான், நான் போனால் பாயைப் போட்டு மூடுகிறான். எனக்கு மனசு சரியில்லை.

இஸ்மே


பாஸ்டேர், செயின்ட் கிட்ஸ்
1967 ஜூன் 9

அன்புள்ள இஸ்மே,

கடிதம் கிடைத்தது. எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்டிருக்கிறாய். எழுத நேரம் தரவில்லை. நேரம் தராதவன் யார் என்று உன் தம்பி சொன்னானா?

ஸ்டேஷன் வாசலில் கூட்டத்துக்கு முன்னால் நின்றவன் ரூபன்தான். கையில் துப்பாக்கி. "மச்சான், சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு எங்க பக்கம் வந்துரு. இல்லேன்னா ஏறு" என்றான்.

"சத்தியம் பண்ணி வாங்கின வேலைடா இது."

"அப்போ ஏறு. ஜன்னல் பக்கமா உட்காரு. மேல இருந்து பார்த்தா நம்ம தீவு அழகா இருக்கும்."

கூட்டம் சிரித்தது. நான் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தேன். தட்டையாக, வெளுத்து, ஒரு மீன்முள் மாதிரி கிடந்தது உன் தீவு.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நுழைந்தால், "வாங்க மாப்பிள்ளை, மாமியார் வீட்டு விருந்து முடிஞ்சுதா?" என்கிறார்கள். துப்பாக்கியே வெடிக்காமல் ஓடிவந்த கார்ப்பரல் லிபர்ட் என்று பேர் கிடைத்திருக்கிறது.

நீ இங்கே வந்துவிடு. இதை யோசித்துத்தான் எழுதுகிறேன். திருமணமானவர்களுக்கு வீடு தருவார்கள். மருத்துவமனையில் உன் போன்ற மருத்துவச்சிக்கு வேலை உடனே கிடைக்கும். இங்கே மழை பெய்கிறது, இஸ்மே. மலை முழுக்கப் பச்சை. அம்மாவும் உன்னைக் கேட்டாள்.

ரூபனிடம் சொல், எதையும் துடைக்க வேண்டாம் என்று.

ஆல்ஸ்டன்


பாஸ்டேர்
1967 ஜூன் 13

இஸ்மே,

முந்தைய கடிதம் போய்ச் சேரும் முன்பே இதை எழுத வேண்டியதாகிவிட்டது. வேறு யார் வாயிலிருந்தும் நீ இதைக் கேட்கக் கூடாது.

சனிக்கிழமை இருட்டில் அங்குவிலாவிலிருந்து ஒரு படகு வந்தது. ராணுவ முகாமையும் எங்கள் ஸ்டேஷனையும் சுட்டார்கள். நான் உள்ளே இருந்தேன். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது, அவ்வளவுதான். யாரும் சாகவில்லை. வந்தவர்களில் சிலர் தப்பினார்கள், சிலர் சிதறினார்கள்.

விடிந்ததும் எங்களைக் கரும்புத் தோட்டங்களுக்குள் பிரித்து அனுப்பினார்கள். என் பகுதியில் ஒரு ஆள் கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தான். ரூபன்.

பிடித்தேன். ஒப்படைத்தேன். அடிபடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வழக்கில் இருப்பதால் இதற்குமேல் எழுதக் கூடாது.

ஆல்ஸ்டன்


ஈஸ்ட் எண்ட்
1967 ஜூன் 20

கார்ப்பரல் லிபர்ட் அவர்களுக்கு,

"பிடித்தேன். ஒப்படைத்தேன்." சந்தையில் கோழி வாங்கினதுபோல எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா மூன்று நாளாகச் சோளக்கூழைத் தவிர எதையும் தொடவில்லை. நம் கல்யாணத்தன்று உங்களுக்குக் கோட்டு இல்லையென்று தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சட்டையோடு நின்றவன் ரூபன். தோட்டத்துக்குள் நீங்கள் இரண்டு பேர் மட்டும்தானே இருந்தீர்கள்? "இந்தப் பக்கம் யாரும் இல்லை" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

அவன் செய்தது முட்டாள்தனம். அதை நானே அவன் காதைத் திருகிச் சொல்லியிருப்பேன். திருக அந்தக் காது இங்கே இல்லையே.

அந்த ஊருக்கு வரச் சொல்கிறீர்கள். தம்பியை அடைத்து வைத்திருக்கும் ஊரில் மலை பச்சையாக இருந்தால் எனக்கென்ன?

இஸ்மே கார்ட்டி
(கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பெயர். எழுதிப் பார்த்தேன், கை மறக்கவில்லை.)


பாஸ்டேர்
1967 ஜூலை 3

இஸ்மே,

நீ எந்தப் பெயரில் எழுதினாலும் உன் கையெழுத்து எனக்குத் தெரியும்.

ஞாயிறுதோறும் சிறைக்குப் போகிறேன். அம்மா சமைத்துத் தருகிறாள், உப்புமீனும் வேகவைத்த வாழைக்காயும். முதல் வாரம் ரூபன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இரண்டாம் வாரம் தட்டை வாங்கிக்கொண்டான், பேசவில்லை. நேற்றுதான் வாயைத் திறந்தான்: "உங்கம்மாவுக்கு உப்பு போடத் தெரியல மச்சான். உப்பு விளையற ஊர்ல இருந்து வந்தவன்கிட்டயா இதைக் கொடுக்கறது?"

கால் ஆறிவிட்டது. மெலியவில்லை. உன் அம்மாவிடம் சொல்.

நான் அவனை விட்டிருக்கலாம் என்கிறாய். அடுத்த வரிசையில் வந்துகொண்டிருந்தவர்கள் பயந்துபோன பையன்கள். விரல் விசையிலேயே இருந்தது. நான் விட்டிருந்தால் அவர்கள் கண்டு சுட்டிருப்பார்கள். இதைச் சாக்கு என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

ஆல்ஸ்டன்


ஈஸ்ட் எண்ட்
1967 ஜூலை 15

ஆல்ஸ்டன்,

உப்பு விஷயத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மீன் வறுத்துச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. செயின்ட் கிட்ஸோடு இருப்பதா, பிரிவதா. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றோம். தீவு முழுக்க ஐந்து பேர்தான் பிரிய வேண்டாம் என்று போட்டிருக்கிறார்கள். அந்த ஐந்து பேர் யார் என்பதுதான் இப்போது ஊருக்கு வேலை. கிணற்றடியில் விரல்விட்டு எண்ணுகிறார்கள். நான்கு விரலுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. ஐந்தாவது விரல் மட்டும் மாறுவதே இல்லை. அது நான்.

முந்தாநாள் மாட் கார்னரில் ஒரு பிரசவம். வாசலிலேயே அந்தப் பெண்ணின் மாமியார் குறுக்கே கையை வைத்தாள். "செயின்ட் கிட்ஸ்காரன் பெண்டாட்டி என் வாசப்படி ஏற வேண்டாம். அஞ்சு ஓட்டுல ஒண்ணு உன்னோடது. போ."

திரும்பி நடந்தேன். பாதி வழியில் மாமனார் கழுதைமேல் துரத்திக்கொண்டு வருகிறார்: "அம்மா, வாம்மா! கால் முதல்ல வருதும்மா!" போனேன். குழந்தையைத் திருப்ப முடியவில்லை, அப்படியே இறக்கினேன். மூச்சு வரத் தாமதமானது. வந்தது. மாமியார் துணியை நீட்டிக்கொண்டே கேட்கிறாள், "உண்மையைச் சொல்லு, நீ எதுக்குப் போட்டே?" அந்த நேரத்திலும்!

அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். பிரிவதற்குத்தான் போட்டேன். உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே போட்டேன். இந்த ஊர்க் குழந்தைகள் மண்ணெண்ணெய் விளக்கில் பிறந்தது போதும். உன் அரசாங்கம் வேறு, நீ வேறு என்று நினைத்துத்தான் போட்டேன். நீ அப்படி நினைப்பாயா, தெரியாது.

இன்னொன்று. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் வைத்திருந்தேன். நான் உண்டாகியிருக்கிறேன். புது வருடம் பிறந்த பிறகு, உங்கள் கரும்பு வெட்டு தொடங்கும் சமயத்தில் பிறக்கும்.

இஸ்மே


பாஸ்டேர்
1967 ஆகஸ்ட் 4

இஸ்மே,

உன் கடிதத்தில் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படித்தேன். பக்கம் கீழே மடிந்திருந்தது. தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். கரும்பு ரயில் ஓட்டுபவன் என்னைப் பார்த்து விசில் அடித்தான். பிறகு மேலே உள்ளதைப் படித்தேன்.

வலித்தது. பொய் சொல்லமாட்டேன். நான் அரசாங்கம் இல்லை என்கிறாய். ஆனால் காலையில் எழுந்து அதன் பொத்தான்களைத்தானே மாட்டிக்கொள்கிறேன்.

ரூபன் வழக்கில் நான்தான் முக்கியச் சாட்சி. அழைப்பு வந்துவிட்டது.

ஆல்ஸ்டன்


ஈஸ்ட் எண்ட்
1967 ஆகஸ்ட் 21

ஆல்ஸ்டன்,

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. கூண்டில் ஏறி, "ஞாபகமில்லை" என்று சொல். "வெளிச்சம் போதவில்லை" என்று சொல். என்ன வேண்டுமானாலும் சொல். கையில் துப்பாக்கி இருந்தது என்று மட்டும் சொல்லாதே.

சொன்னால், இங்கே ஒரு குழந்தை பிறக்கும், அதற்கு அப்பா இருக்கமாட்டார். இதை மிரட்டலாக எழுதவில்லை. அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இஸ்மே


பாஸ்டேர்
1967 செப்டம்பர் 8

இஸ்மே,

கேட்டால் பார்த்ததைத்தான் சொல்வேன். என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. குழந்தைக்குப் போர்வை நெய்து அம்மா கொடுத்திருக்கிறாள், மதாம் ஹோர்டான்ஸிடம் அனுப்பியிருக்கிறேன். அதையாவது வாங்கிக்கொள்.

ஆல்ஸ்டன்


ஈஸ்ட் எண்ட்
1967 நவம்பர் 26

ஆல்ஸ்டன்,

இத்தனை நாள் எழுதாமல் இருந்தது வீம்பு. போர்வை வந்தது. வாங்கிப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருந்தேன்.

ரூபன் வந்துவிட்டான். ஜூரி விடுதலை செய்த செய்தி முன்பே வந்தது. ஆனாலும் அவன் புளோயிங் பாயின்ட் துறை மணலில் கால் வைக்கும்வரை யாரும் நம்பவில்லை. கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் காதைத் திருகினேன். பிறகுதான் கட்டிக்கொண்டேன்.

"அவன் உனக்கு எதிராச் சாட்சி சொன்னானா?" என்று கேட்டேன்.

"சொன்னான்கா."

"துப்பாக்கி இருந்ததுன்னா?"

"இருந்ததுன்னான். கை எங்க இருந்ததுன்னு கேட்டாங்க. துப்பாக்கி மேலதான்னான். போச்சுடா, பத்து வருஷம்னு நெனச்சேன். அப்புறம் நம்ம வக்கீல் எழுந்து, 'உங்களைப் பார்த்ததும் ரூபன் என்ன செய்தார்?'னு கேட்டார். மச்சான் ஜூரி பக்கம் திரும்பி, 'துப்பாக்கியைத் திருப்பி, பிடிப்பக்கம் என்கிட்ட நீட்டினான். நான் தனியா இருந்தேன். என்னைச் சுட்டுட்டு ஓடியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவன் சுடலை'ன்னான். ஜூரியில ஒரு கிழவர் தலையை ஆட்டினார். அக்கா, மச்சான் எனக்குச் சாதகமாவே ஆரம்பிச்சிருந்தா, அங்குவிலாவுல பொண்ணு எடுத்தவன்தானேன்னு ஒருத்தனும் நம்பியிருக்கமாட்டான்."

நான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இதை ஏன் எனக்கு எழுதவில்லை? வழக்கில் இருப்பதால் எழுதக் கூடாதா? நான் யார், ஜூரியா?

குழந்தை விலாவில் உதைக்கிறது. இதற்குப் பதில் போடு. நீளமாகப் போடு.

இஸ்மே


பாஸ்டேர்
1967 டிசம்பர் 17

இஸ்மே,

நீளமாக எழுத எனக்கு வராது, உனக்குத் தெரியும். முயல்கிறேன்.

சாட்சி சொன்ன நாளிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. கேலிகூட நின்றுவிட்டது. கேலியே தேவலை. ஒருவன் மட்டும் வந்து கேட்டான், "லிபர்ட், நீ எந்தப் பக்கம்டா?" யோசித்துப் பார்த்தேன். தட்டோடு எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

வேலையை விடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "அவளுக்கு ஒரு தீவு முழுசா இருக்கு. எனக்கு நீ ஒருத்தன்." நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன்.

இரவில் தூக்கமில்லை. அங்கே வந்தால் என்னை இறங்க விடுவார்களா?

ஆல்ஸ்டன்


ஈஸ்ட் எண்ட்
1968 பிப்ரவரி 19

ஆல்ஸ்டன்,

பெண் குழந்தை. ஊருக்கெல்லாம் பார்த்த எனக்குப் பார்க்க ஆளில்லாமல், அந்த மாட் கார்னர் மாமியாரே வந்து நின்றாள். "மூச்சைப் பிடி, செயின்ட் கிட்ஸ்காரன் பெண்டாட்டி" என்றாள். இந்த முறை அது வசவு மாதிரிக் கேட்கவில்லை. ஹெஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உன் நெற்றி. அழுகை எங்கள் குடும்பத்து அழுகை, ஓடுதளம்வரை கேட்கும்.

நீ கேட்ட கேள்வியை, இப்போது தீவை நடத்தும் கவுன்சிலுக்கு நான் கொண்டுபோனேன். லண்டனிலிருந்து ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறார், ஆனால் எதுவானாலும் ஊர் கூடிக் கை தூக்கித்தான் முடிவாகிறது. பள்ளிக்கூட அறை நிறைந்து ஜன்னலிலும் ஆட்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து சொன்னேன். ஒரே சத்தம்.

"துரத்தி ஒரு வருஷம் ஆகல, திரும்பவும் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடணுமா?"

"ரூபனை உள்ள தள்ளினவன்யா அவன்!"

"என்னைத் தள்ளினான், சரி. வெளியில இழுத்ததும் அவன்தான்!" இது பின் வரிசையிலிருந்து ரூபன்.

"என் ஆடு ரெண்டு காணோம். யார்கிட்ட போய்ச் சொல்றது? பாதிரியார்கிட்டயா?" என்று ஒரு பெரியவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். "இவ அப்பன் எந்த ஊர்னு எல்லாருக்கும் தெரியும். இவ எந்த ஊரு? அதைச் சொல்லுங்க."

"நம்ம ஊருதான்" என்றது ஒரு குரல்.

"அப்போ இவ அப்பன் இவகிட்ட வரட்டும்."

கை தூக்கினார்கள். எல்லாரும் இல்லை. போதுமான அளவு. ஆனால் ஒரு நிபந்தனை: தீவில் போலீஸ் இல்லாமல் வேலித் தகராறும் ஆட்டுத் தகராறும் பெருத்துவிட்டன. சட்டம் தெரிந்த ஆள் நீ ஒருவன்தான். எங்களுக்குக் கான்ஸ்டபிளாக வரவேண்டும். சீருடை தைக்கத் துணி கிடைத்துவிட்டது, நீல நிறம்.

வா.

இஸ்மே


மாரிகோ, செயின்ட் மார்ட்டின்
1968 மார்ச் 12

இஸ்மே,

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா துறைவரை வரவில்லை. ஆனால் மூட்டையை அவள்தான் கட்டினாள்.

மூன்று நாளாக இங்கே மீன் சந்தைத் துறையில் இருக்கிறேன். ஜலசந்திக்கு அப்பால் உன் தீவு தெரிகிறது, கடல்மேல் யாரோ பென்சிலால் கோடு இழுத்ததுபோல. காலையில் கேப்டன் ஓபெட்டின் படகு புறப்பட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வா, எங்க புதுக் கான்ஸ்டபிளா? ஏறு" என்றார்.

ஏறியிருக்கலாம். ஆனால் உன்னிடம் சொல்லவேண்டியதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டேன். நான் கான்ஸ்டபிளாக வரமாட்டேன், இஸ்மே. ஒரு அரசாங்கத்துக்காக உன் தம்பியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவன் என்மேல் சாய்ந்துதான் நடந்தான், கால் வலியால். அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது. அடுத்த அரசாங்கத்துக்காக நாளை யாரைப் பிடிக்கச் சொல்வார்கள்? அந்த ஐந்து பேரையா? உப்பு அள்ளுகிறேன், வலை இழுக்கிறேன், கல் உடைக்கிறேன். எந்த நிறத்திலும் சீருடை வேண்டாம்.

ஓபெட் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "கவுன்சில் கை தூக்கினது போலீஸ்காரனுக்கு. நீ போலீஸ் இல்லேங்கிற. அப்போ நீ யாரு?"

"இஸ்மேயோட புருஷன்."

"அதுக்கு யாரும் கை தூக்கலையேப்பா."

படகிலிருந்தவர்கள் பாதிப்பேர் ஏற்றிக்கொள் என்றார்கள், பாதிப்பேர் கூடாது என்றார்கள். பாயை விரித்த பிறகும் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் கையை நீட்டி, "லெட்டர் இருந்தா கொடு" என்றார். நாளைக் காலை மறுபடி வந்து போவாராம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னை ஏற்றாத படகு இதை ஏற்றிக்கொள்ளும்.

நீ கூட்டத்தில் நின்று வாங்கித் தந்ததை நான் கெடுத்துவிட்டேன். தெரியும். கோடு மாதிரித் தெரியும் அந்தத் தீவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். உட்காரவும் முடியவில்லை, நடக்கிறேன்.

ஆல்ஸ்டன்


ஈஸ்ட் எண்ட்
1968 மார்ச் 14

ஆல்ஸ்டன்,

ஓபெட் கடிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். "ஆளை விட்டுட்டு லெட்டரை மட்டும் ஏத்தினீங்களே, அது என்ன நியாயம்?" என்றேன். "லெட்டருக்கு ஊர் கிடையாது இஸ்மே" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

படித்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நீ மாரிகோவிலேயே குடியிருந்துவிடுவாய். எத்தனை பேர் வாசலில் நின்று பேசி வாங்கிய கைகள் அவை! ரூபனிடம் காட்டினேன். அவன் இரண்டு தடவை படித்தான். "எந்தப் பக்கமும் சேராதவனை எப்படிக்கா இறக்குறது?" என்றான். பிறகு, "என் தோளும் அன்னைக்கு வலிச்சுது. அவன் சொல்லித்தான் தெரியுது, அவனுக்கும்னு" என்றான். எழுந்து போய்ப் படகைக் கழுவ ஆரம்பித்துவிட்டான்.

கவுன்சில் தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். "அப்படின்னா திரும்பக் கூட்டம் போடணும், திரும்பக் கேக்கணும்" என்றார். "கேளுங்க. நான் கேட்கமாட்டேன்" என்றேன். என் புருஷன் என்னோடு இருப்பதற்கு இனி யாரிடமும் கை தூக்கச் சொல்லமாட்டேன்.

இந்தக் கடிதம் விடியலில் ஓபெட் படகில் முன்னால் வந்துவிடும். நாளைக் காலை ரூபன் படகு இறால் மூட்டையோடு மாரிகோ வருகிறது. அதில் நானும் ஹெஸ்டரும் வருகிறோம். திரும்பும்போது நீயும் ஏறுகிறாய். புளோயிங் பாயின்டில் யாராவது கத்துவார்கள், கத்தட்டும். இறங்கக் கூடாது என்றால் மூன்று பேரையும் சேர்த்துத்தான் திருப்பி அனுப்பவேண்டும். இந்த மாதம் மட்டும் ஊரில் நிறைமாதம் ஆறு பேர். துறையில் நிற்கும் ஆண்களில் பாதிப்பேர் அவர்களுடைய புருஷன்மார். யோசித்துவிட்டுக் கத்துவார்கள்.

கடல் இப்போதே கொந்தளிக்கிறது. குழந்தை தூங்கமாட்டேன் என்கிறாள். நானும்தான்.

உன் பெண்டாட்டி,
இஸ்மே லிபர்ட்